மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

பிஸ்கட் டப்பாவோடு வந்த பெரியவர், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டார்.

"திசு டாக்டர் வீடு இதானே?"

"இதேதான். நான் அவங்க தம்பி. உள்ள வாங்க" என்றார் தம்பி.

அந்த வட்டாரத்து டாக்டர்கள் எல்லோருக்கும் அக்கா 'திசு டாக்டர்', இவர் 'தம்பி'. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்வது அக்காவின் தொழில். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டுக் கார் கொட்டகையைச் சின்ன லேபாக மாற்றிக்கொண்டு, மற்றவர்கள் தடுமாறிய ஸ்லைடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதியவர். பத்திரிகையை மூடிவிட்டார்கள். அவருடைய மூக்கை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததுமே, உள்ளே பிஸ்கட் இல்லை என்று அது அவருக்குச் சொல்லிவிட்டது.

பெரியவர் டப்பாவைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஸ்லைடும், அது எந்த மெழுகுக் கட்டியிலிருந்து சீவப்பட்டதோ அந்தக் கட்டியும் இருந்தன.

"நான் ஃபுட்பால் ரெஃப்ரீயா இருந்தவன். எல்லாரும் ரெஃப்ரீன்னே கூப்பிடுவாங்க. தப்பு நடந்தா நடந்த இடத்துலயே விசில் ஊதிப் பழக்கம். இந்த விஷயத்துல தப்பு எந்த இடத்துல நடந்துச்சுன்னே பிடிபடல, டாக்டரம்மா. என் வீட்டுக்காரிக்கு ஒரு கண்ணு போயிடுச்சு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

ரெஃப்ரீயின் மனைவி அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். எழுபதை நெருங்கியும் வேலையை விடவில்லை. ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார் என்பதால், அங்கே அவருக்கு ஒற்றம்மா என்றே பெயர். சில வாரங்களுக்கு முன் வலது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. தலை சீவினால் வலி, மென்று சாப்பிட்டால் தாடையில் வலி. ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் பார்த்த மருந்து டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, நெற்றிப்பொட்டில் ஓடும் தமனி அழற்சியால் வீங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அது பொல்லாத நோய். கண்ணுக்குப் போகும் ரத்தத்தையும் அடைத்தால் பார்வை சட்டென்று போய்விடும். போனது திரும்பாது. அதனால் உடனே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, உறுதி செய்துகொள்ள அந்தத் தமனியில் ஒரு துண்டு வெட்டி எடுக்கச் சொன்னார்.

"கத்தி டாக்டர் வெட்டினார். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுற கையெழுத்து டாக்டர் லேப்ல பார்த்து, 'தமனி நல்லா இருக்கு, நோய் இல்ல'ன்னு ரிப்போர்ட் குடுத்தார். இவளுக்கு ஏற்கெனவே சுகர். ஸ்டீராய்டு போட்டதும் அது தாறுமாறா ஏறிடுச்சு. நோய்தான் இல்லையேன்னு மருந்தை நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள்ல வலது கண்ணு இருட்டு. இப்ப இடது கண்ணுலயும் அப்பப்ப திரை விழுந்து விலகுதுங்கிறா. ரிப்போர்ட் சுத்தமா இருக்குறதால வேற என்னன்னு தேடிட்டு இருக்காங்க. தலை சீவும்போது சீப்பு இன்னும் அதே இடத்துல இடறுதுன்னு சொல்றா. அதை யாரும் காதுல போட்டுக்கல."

அக்கா ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி இரட்டைக் கண்குழல்கள் கொண்டது அது. எதிர்ப்பக்கக் குழல், தம்பியின் தொல்லை தாங்காமல் வாங்கியது என்று அக்கா சொல்வதுண்டு. தம்பி ஓடிப்போய்க் கண்ணை வைத்தார்.

"என்ன தெரியுது?"

"ரோஸ் கலர்ல தடியா ஒரு வளையம். நடுவுல ஓட்டை."

"ரத்தக்குழாய்க்கு மூணு உறை. உள்ளுறை, ரத்தம் படுற பக்கம், ஓடு பதிச்ச மாதிரி ஒரே வரிசைச் செல். நடுவுறை தசை. வெளியுறை நார். தமனி இதயம் தள்ளுற வேகத்தைத் தாங்கணும், அதனால தசை தடி. சிரை ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற வழி. அங்க வேகம் இல்ல, சுவரும் மெல்லிசு."

"இது தடியா இருக்கே. அப்ப தமனிதான்."

"கையெழுத்து டாக்டரும் அங்கதான் நின்னுட்டார். நீ இன்னும் கொஞ்சம் பாரு. தமனியில உள்ளுறைக்கும் நடுவுறைக்கும் இடையில ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடும். ரிப்பனைக் கசக்கி நிறுத்தி வெச்சாப்ல. நெகிழ்நார்க் கோடுன்னு பேரு. அது எங்கேன்னு தேடு."

தம்பி வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோடு அகப்படவில்லை.

"நோய் தின்னுட்டுப் போயிருக்குமோ?"

"அந்த நோய் கோட்டைத் தின்னும், உண்மைதான். ஆனா தின்ன இடத்துல அழற்சிச் செல்லெல்லாம் பந்திக்கு வந்த மாதிரி கூடி நிக்கும். இங்க ஈ காக்கா இல்ல. கோடு அழியல. அது ஆரம்பத்துல இருந்தே இல்ல."

அக்கா கண்குழலிலிருந்து தலையை எடுத்து நேரே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் மருந்து டாக்டரம்மா.

"உங்க நோயாளியோட ஸ்லைடு என் முன்னால இருக்கு. இது நெத்திப்பொட்டுத் தமனியே இல்ல. எப்படி வந்துச்சுன்னு அப்புறம் பார்ப்போம். இந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்தை நிறுத்தினது போதும். இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி வழியா ஸ்டீராய்டு ஏத்துங்க. சுகரை இன்சுலின் போட்டுப் பிடிச்சுக்கலாம், கண்ணைப் பிடிக்க முடியாது."

மறுமுனை ஏதோ தயங்கியது. அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னது தப்பா இருந்தா, நாளைக்கு என் பேரைச் சொல்லி நிறுத்திக்கோங்க. இன்னைக்கு ஏத்துங்க."

ரெஃப்ரீ எழுந்தே விட்டார். தம்பி அவரை வாசல் வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, கையைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப யாரோ மாத்தியிருக்காங்க. யாருக்கா?"

"முதல்ல கண்ணு. அப்புறம் கள்ளன்" என்றார் அக்கா.

மறுநாள் காலை கொட்டகையில் சாயவாடை வீசியது. அக்கா மெழுகுக் கட்டியை அடுக்கடுக்காக இன்னும் ஆழமாகச் சீவி, நெகிழ்நாரை மட்டும் கறுப்பாகக் காட்டும் சாயத்தை ஏற்றியிருந்தார். தம்பி பல்கூடத் தேய்க்காமல் எதிர்க்குழலில் உட்கார்ந்தார்.

தெளிவான கறுப்புக் கோடு எங்கும் இல்லை. தசைக்கு நடுவே கறுப்பு இழைகள் சிக்குப்பிடித்த முடிபோல அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஆழத்திலிருந்து சீவிய ஸ்லைடில் இன்னொன்றும் இருந்தது. சுவரிலிருந்து மெல்லிய இதழ் ஒன்று ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னக்கா, கிழிஞ்சதா?"

"கதவு. ரத்தம் கீழ இறங்காம தடுக்குற வால்வு. தமனிக்கு வழியில கதவு கிடையாது. இது சிரை."

"சிரைக்குச் சுவர் மெல்லிசுன்னு நேத்து நீதானே சொன்னே."

"ஒரு சிரை விதிவிலக்கு. மனுஷன் நிக்கிறான், நடக்கிறான். பாதத்து ரத்தம் அவ்வளவு உயரம் ஏறணும். அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கிக் கால் சிரை சதை போட்டுடும். பார்த்தா தமனி மாதிரியே இருக்கும். நெத்திப்பொட்டுல இருக்கிற சிரை காகிதம் மாதிரி இருக்கும்." அக்கா ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். "இது கால்ல இருந்து வந்தது."

தம்பி வாயைப் பிளந்தார். "தலையில வெட்டினா கால் வருதா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நிஜமாவே போட்டுட்டாங்களே."

"முடிச்சும் இருக்கு, பாரு. இந்த ஓரத்துல."

குழாயிலிருந்து பிரியும் குட்டிக் கிளை ஒன்றின் கழுத்தில் ஒரு நூல் சுற்றியிருந்தது. அக்கா விளக்கினார். இதயத்துக்கு பைபாஸ் செய்யும்போது, அடைபட்ட தமனிக்கு மாற்றுவழியாகக் காலிலிருந்து நீளமாக ஒரு சிரையை எடுப்பார்கள். கொழுப்பைச் சுத்தமாக வழித்து, கிளைகளை நூலால் கட்டி, நீர் செலுத்தி ஊத வைத்து, கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதனால்தான் இந்தத் துண்டு இவ்வளவு உருண்டையாக, இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஊதியதில் உள்ளுறைச் செல்கள் பல இடங்களில் உரிந்தும் போயிருக்கின்றன. தேவைக்கு மேல் மிஞ்சிய துண்டைக் குப்பையில் போட்டுவிடுவது வழக்கம்.

"இதுவரைக்கும் நான் வெளியில சொன்னது ஒண்ணுதான். 'நெத்திப்பொட்டுத் தமனி இல்ல.' நீயும் அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

தம்பி வாயில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போடுவதுபோல் சைகை செய்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒற்றம்மாவைப் பார்த்தார்கள். கையில் ஊசிக்குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ரெஃப்ரீ. இடது கண்ணில் காலையிலிருந்து திரை விழவில்லையாம். அக்கா அவர் நெற்றிப்பொட்டில் தையல் போட்டிருந்த வடுவைப் பார்த்தார். பிறகு வடுவின்மேலேயே விரலை வைத்து, முன்னும் பின்னும் மெதுவாகத் தடவினார். ஒற்றம்மா முகத்தைச் சுளித்தார்.

"வலிக்குதா?"

"அந்தக் கயிறுதான் வலிக்குது. வெட்டி எடுத்தாச்சுன்னாங்க. எடுத்ததுக்கு அப்புறமும் அது அங்கேயே ஏன் இருக்குன்னு கேட்டேன். தழும்பு தடிச்சிருக்கும்னாங்க."

"வெட்டும்போது மயக்கம் குடுத்தாங்களா?"

"இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சாங்க. முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். முகத்துல துணி மூடியிருந்துச்சு, காது மூடல." ஒற்றம்மா யோசித்துப் பேசினார். "ரொம்ப நேரம் குடைஞ்சார். நர்ஸை வேற நூல் எடுத்துட்டு வரச் சொல்லி வெளியில அனுப்பினார். அவங்க திரும்பி வந்து 'எடுத்தாச்சா டாக்டர்'னு கேட்டாங்க. அவர் 'முடிஞ்சுது'ன்னார். கேட்டது ஒரு வினை, பதில் வேற வினை. புரூஃபா இருந்தா சுழிச்சிருப்பேன். அப்புறம் நர்ஸ் ஜாடியைக் கேட்டாங்க. 'நானே லேப்ல குடுத்துக்கறேன்'னார்."

தம்பிக்கு அந்த அறையை விட்டு வர மனமே இல்லை. இப்படிப்பட்ட சாட்சி அவருடைய பத்திரிகை வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

லேபில் மெழுகு வேலை பார்க்கும் டெக்னீஷியன் வியர்த்துப்போய் நின்றார். விஷயம் அதற்குள் கசிந்து, பழி அவர்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. "எந்த இடி இடிச்சாலும் கடைசியில என் தலையிலதான் இறங்கும், மேடம். நான் எதையும் மாத்தல."

"தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அந்த வாரம் வேற ரத்தக்குழாய் ஏதாவது லேபுக்கு வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. குடல், கர்ப்பப்பை, கழுத்துக் கட்டி, அவ்வளவுதான். ரத்தக்குழாய்னா அபூர்வம். அது வந்ததும் நல்லா ஞாபகம் இருக்கு. காலையில வெட்டினதுன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு, சாயங்காலம்தான் வந்துச்சு. கத்தி டாக்டரே கொண்டுவந்து குடுத்தார். ஃபார்மலின்ல ஊறி வெளுத்திருக்கும்னு பார்த்தா, இன்னும் செக்கச் செவேல்னு இருந்துச்சு."

வெளியே வந்ததும் தம்பி அக்காவின் காதில் கிசுகிசுத்தார். "எனக்கு இந்த ஆள் மேலதான் சந்தேகம். கேக்காமலேயே இவ்வளவு சொல்றார்."

"பயந்தவன் நிறையப் பேசுவான். பயந்தவனெல்லாம் குற்றவாளி இல்ல."

கையெழுத்து டாக்டர் அதிகம் பேசவில்லை. அக்காவிடம் ஒரு காலத்தில் பயிற்சி பெற்றவர். சாயம் ஏற்றிய புது ஸ்லைடைத் தன் நுண்ணோக்கியில் தானே வைத்துப் பார்த்தார், வெகுநேரம். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல மேடம். நீங்க சொல்ற வரைக்கும் சொல்லவும் மாட்டேன்" என்றார்.

கடைசியாகக் கத்தி டாக்டர். முப்பது சொச்சம் வயது, வாரிவிட்ட தலை, வெட்டிய நகங்கள். கையெழுத்து டாக்டரின் அறையிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோதே எதிரே வந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன் மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. என் பங்குல ஒரு குறையும் இல்ல. நல்ல நீளமா ஒரு துண்டு எடுத்தேன். அன்னைக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். இதை முடிச்ச கையோட பைபாஸ் தியேட்டருக்கு உதவிக்குப் போனேன்."

"இந்த ஸ்லைடுல இருக்கிறது நெத்திப்பொட்டுத் தமனி இல்ல. எங்க தப்பு நடந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"வேற எங்க, லேப்லதான். தலையில வெட்டினது, கால்ல வெட்டினது, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஜாடியில போட்டு ஒரே மேஜையில அடுக்கி வைக்கிறாங்க. மாறாம என்ன செய்யும்?"

"சரிதான்" என்றார் அக்கா. "நாளைக்குக் காலையில மருந்து டாக்டரம்மா ரூம்ல எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். நீங்களும் வாங்க."

காரில் ஏறியதும் தம்பி ஆரம்பித்தார். "பாவம், நல்லாத்தான் பேசுறார். லேப் மேஜை குப்பையா இருந்ததை நானும் பார்த்தேன்." அக்கா வண்டியை எடுத்தார். பாதி வழியில் தம்பி திடீரென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார். "அக்கா, கால்னு அவருக்கு யார் சொன்னா?"

"வீடு வந்து சேருறதுக்குள்ள பிடிச்சுட்டியே" என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அந்த அறையில் ஆறு பேர். மேஜைக்குப் பின்னால் மருந்து டாக்டரம்மா, சுவரோரமாகக் கையெழுத்து டாக்டர், கதவருகே ரெஃப்ரீ கையைக் கட்டிக்கொண்டு. கத்தி டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு நாற்காலி கிடைக்கவில்லை, அவருக்கு உட்காரும் எண்ணமும் இல்லை. அக்கா தன் வழக்கமான குரலில், ஸ்லைடு பற்றி மாணவர்களுக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"ஸ்லைடுல இருக்கிறது கால் சிரை. கதவு இருக்கு, நெகிழ்நார்க் கோடு இல்ல. கிளையைக் கட்டின நூலும் இருக்கு. அதனால பைபாஸுக்காகத் தயார் பண்ணி, மிஞ்சினதுன்னு ஒதுக்கின துண்டு. இது எப்படி நெத்திப்பொட்டு ஜாடிக்குள்ள வந்துச்சுங்கிறதுதான் கேள்வி."

அக்கா ஸ்லைடை மேஜைமேல் வைத்தார்.

"லேப்ல ரெண்டு ஜாடி மாறியிருக்கலாம்னு முதல்ல நினைச்சேன். மாறணும்னா ரெண்டு ஜாடி வேணும். அந்த வாரம் லேபுக்கு வந்த ரத்தக்குழாய் இது ஒண்ணுதான். மிஞ்சின சிரையை லேபுக்கு அனுப்புற வழக்கமும் கிடையாது, அது குப்பைக்குப் போறது. ஆக, லேப்ல இல்லாத பொருளை லேப் மாத்தியிருக்க முடியாது. ஜாடி உள்ள வரும்போதே கால் சிரையோடதான் வந்திருக்கு. அடுத்தது, காலையில வெட்டி ஃபார்மலின்ல போட்ட துண்டு சாயங்காலத்துக்குள்ள வெளுத்திருக்கணும். இது சிவப்பா வந்துச்சு. ஜாடியில விழுந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கு. அப்படின்னா காலையில இருந்து அந்த ஜாடியில என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு?" என்றார் ரெஃப்ரீ.

"ஒண்ணும் இல்ல. தமனி வெட்டப்படவே இல்ல. அது இன்னும் அம்மாவோட நெத்திப்பொட்டுல, வடுவுக்கு நேர் கீழ, கயிறு மாதிரி கிடக்கு. நான் தொட்டுப் பார்த்தேன். நீங்களும் போய்த் தொட்டுப் பாருங்க, டாக்டரம்மா. ஒரு துண்டு எடுத்திருந்தா அந்த இடத்துல இடைவெளி இருக்கணும்."

மருந்து டாக்டரம்மா எழுந்து போனார். வார்டு எதிரிலேயே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நர்ஸ் 'எடுத்தாச்சா'ன்னு கேட்டப்ப 'முடிஞ்சுது'ன்னு சொன்னது நீங்க. ஜாடியை நானே குடுத்துக்கறேன்னு வாங்கிக்கிட்டதும் நீங்க. அங்க இருந்து பைபாஸ் தியேட்டருக்குப் போனதா நீங்களே சொன்னீங்க. நேத்து நான் உங்ககிட்ட 'நெத்திப்பொட்டுத் தமனி இல்ல'ன்னு மட்டும்தான் சொன்னேன். 'கால்ல வெட்டினது'ன்னு சொன்னது நீங்க. கால்ங்கிறது அப்ப மூணு பேருக்குத்தான் தெரியும். நான், என் தம்பி, இவர்." அக்கா கையெழுத்து டாக்டரைப் பார்த்தார். "நாலாவதா தெரிஞ்சவர், அதை ஜாடியில போட்டவர்."

கத்தி டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுப்பார் என்று தம்பி எதிர்பார்த்தார். மறுக்க ஆரம்பிக்கக்கூட இல்லை.

"ரொம்ப நேரம் தேடினேன்" என்றார் தரையைப் பார்த்து. "வீக்கத்துல துடிப்பே கைக்கு அகப்படல. போன மாசம் இன்னொருத்தருக்கும் இப்படித்தான் ஆச்சு. அப்ப எங்க சீஃப் எல்லார் முன்னாடியும், 'ஒரு தமனியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குக் கத்தி எதுக்கு'ன்னு கேட்டார். மறுபடியும் போய் நிக்க எனக்குத் தைரியம் இல்ல. தியேட்டர்ல அந்தத் துண்டு மிஞ்சிக் கிடந்துச்சு. அம்மாவுக்கு இந்த நோய் இருக்காது, சுகர் ஏறுறதுக்கு மருந்தை நிறுத்தினா நல்லதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அதைச் சொல்ல வேண்டியது இந்த டாக்டரம்மாகிட்ட" என்றார் அக்கா. "அவங்க நம்பினது உங்க அபிப்பிராயத்தை இல்ல, ஒரு தமனியை."

கையெழுத்து டாக்டர் தொண்டையைச் செருமினார். "என் பங்கும் இருக்கு. தடிச்ச சுவரைப் பார்த்ததும் தமனின்னு எழுதிட்டேன். நெகிழ்நார்ச் சாயம் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். விசாரணையில நானே சொல்லிடறேன்."

ரெஃப்ரீ கதவருகிலிருந்து நகர்ந்து கத்தி டாக்டருக்கு எதிரில் வந்து நின்றார். தம்பி ஓர் அடி முன்னால் வைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஆனால் பெரியவர் கையை ஓங்கவில்லை. அவர் கேள்வி மருந்து டாக்டரம்மாவை நோக்கித்தான் போனது.

"அந்தக் கயிறு இன்னும் இருக்குன்னா, இப்ப வெட்டிப் பார்க்கலாமா?"

"இன்னைக்கே" என்றார் அவர்.

வேறொரு சர்ஜன் வந்து வெட்டினார். துண்டை லேபுக்கு எடுத்துப்போனது அதே டெக்னீஷியன். இந்தத் தடவை நெகிழ்நார்ச் சாயம் முதலிலேயே ஏறியது. அக்கா ஒரு குழலிலும் கையெழுத்து டாக்டர் மறு குழலிலும் பார்க்க, தம்பி முறை வைத்துக் காத்திருந்து பார்த்தார். வளைந்தோட வேண்டிய கறுப்புக் கோடு துண்டு துண்டாக அறுந்து கிடந்தது. அறுந்த நுனிகளை ஒட்டி, ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் கூடிய ராட்சதச் செல்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளுறை வீங்கி, நடுவிலிருந்த வழி ஊசித் துளையாகச் சுருங்கியிருந்தது.

"இதுதான் பந்தி" என்றார் அக்கா.

மருந்து டாக்டரம்மா முதல் நாளே சந்தேகப்பட்ட நோய்தான். ஊசிமருந்து தொடர்ந்தது. சுகரை இன்சுலின் பிடித்துக்கொண்டது. வலது கண்ணில் விழுந்த இருட்டு விலகவில்லை. விலகும் என்று யாரும் பொய்ச் சமாதானம் சொல்லவும் இல்லை. இடது கண்ணில் திரை அதற்குப் பிறகு விழவே இல்லை. வார்டிலேயே அச்சகத்திலிருந்து தாள்கள் வரத் தொடங்கின.

கத்தி டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணைக்கு உத்தரவானது. விசாரணைக்கு முந்தைய நாள் அவர் ஒற்றம்மாவைப் பார்க்க அனுமதி கேட்டார். தனியாகப் போக முடியாமல், அக்காவையும் தம்பியையும் கூட வரச் சொன்னார். ரெஃப்ரீ அவரைக் கண்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒற்றம்மா புரூஃப் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் கத்தி டாக்டர்.

ஒற்றம்மா அவர் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் அவரைப் பார்த்தார்.

"அன்னைக்குத் துணியை விலக்கி, 'கிடைக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர். ஒற்றோட சேர்த்து அஞ்சே எழுத்து. நான் இன்னொரு தடவை தலையைக் காட்டியிருப்பேன். வலிக்கத்தான் செய்யும். வலி தெரியாதவளா நான்?"

கத்தி டாக்டர் கட்டில் பக்கம் வந்தார். "கிடைக்கலம்மா" என்றார். "தேடினேன். கிடைக்கல."

"இதை அப்படியே எழுதுங்க" என்று ஒற்றம்மா ஒரு வெள்ளைத் தாளையும் தன் சிவப்புப் பேனாவையும் நீட்டினார். "நாளைக்கு விசாரணையில ஆளாளுக்கு 'மாதிரி சேகரிப்பில் ஏற்பட்ட குறைபாடு'ன்னு அலங்காரமா எழுதிடுவாங்க. எனக்கு இந்த வார்த்தைதான் வேணும்."

கத்தி டாக்டர் கட்டிலோரம் தாளை வைத்துக் குனிந்து எழுதினார். எழுதி முடித்துக் கொடுத்ததை, ஒற்றம்மா இடது கண்ணுக்கு அருகில் பிடித்து, எழுத்து எழுத்தாக, கடைசி வரை படித்தார். பிறகு பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார்.